கடலடியும் கப்பல் தளமும்

அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடித்தளத்தை உலகுக்கு வரைந்து காட்டிய அமெரிக்க மாது மேரி தார்ப் அம்மையாருக்கு, நெடுங்காலம் ஆராய்ச்சிக் கப்பலில் இடமளிக்கப்படவில்லை. ஸ்திரீ என்பதே காரணம். சகபாடியான புரூஸ் ஹீஸன் முதலியோர் கொணர்ந்த ஆழ அளவுகளை மேஜைமீது பரப்பிக் கோடிட்டு, நடுக்கடல் மலைத்தொடரின் உச்சி நெடுகப் பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதை 1952-ல் அவர் கண்டார். ஹீஸன் அதனைப் 'பெண் பேச்சு' என்று தள்ளினார். பின்னர் பூகம்ப ஸ்தானங்களைக் குறித்த படத்தோடு ஒப்பிட்டபொழுது இரண்டும் பொருந்தின, பரிகாசம் அடங்கிற்று. கண்டங்கள் நகர்கின்றன என்னும் கொள்கைக்கும் அது வலுவூட்டிற்று.

இவ்விருவரின் ஆய்வைக் கொண்டே 1967-ல் இந்து மகாசமுத்திரத்தின் அடித்தளப் படமும் வெளிவந்தது. நம் கரையைத் தழுவும் கடலின் உருவை அயலார் வரைந்த தாளில் நாம் கண்டோம். இன்று கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிலையம் 1966-ல் தோன்றியது நமக்கு ஆறுதலே. ஆயினும் உலகக் கடலடியில் நவீன முறையில் அளக்கப்பட்டது நாலில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். செய்ய வேண்டிய வேலை மிகுதி.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கடல் சாஸ்திரம் பயிலும் மாணவரையும் மாணவிகளையும் பேதமின்றிக் கப்பல் தளத்தில் ஏற்றுமாறு சர்க்காரையும் பல்கலைக்கழகங்களையும் வற்புறுத்துகிறோம். திறமையைத் துறைமுக வாசலில் தடுத்து நிறுத்தும் தேசம் தன் கடலை அறியாது.