காட்சிக்கா, ஓட்டத்திற்கா?

மதுரையில் என் தந்தையாரின் நண்பர் வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சென்ற தை மாதம் விலைக்கு வாங்கினேன். "லாரியில் ஏற்றிக்கொண்டு போ" என்றார்கள் எல்லோரும். நானோ ஓட்டியே பெங்களூர் கொண்டு வந்தேன். ஏன் என்பதைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இளைய தலைமுறைக்கு இந்தக் காரைத் தெரிந்திருக்காது. 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. 1961 முதல் சென்னையிலேயே தயாரானது. 948 சி.சி. எஞ்சின். அம்பாசடர் வங்கத்திலும் பியட் பம்பாயிலும் தயாரான காலத்தில், இது நம் ஊர்க் கார்.

பதிவும் காப்பீடும் நடப்பில் இருந்தன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற்றேன். டயர், பிரேக், ரேடியேட்டர் குழாய், பேன் பெல்ட் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே புறப்பட்டோம். உடன் வந்தவன் என் பதினாறு வயது மகன். "ஏனப்பா இந்தத் தொல்லை?" என்று திண்டுக்கல் வரை முணுமுணுத்தான்.

மதுரையிலிருந்து பெங்களூர் சுமார் 430 கிலோமீட்டர். சேலம் தாண்டியதும் தொப்பூர் மலைப்பாதை. ஏற்றத்தில் வெப்பமுள் மேலே போயிற்று. ஓரங்கட்டி முன்மூடியைத் திறந்தோம். டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அந்தக் காலத்தில் ஹெரால்டு பல பார்த்த மெக்கானிக்காம். "தம்பி, ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீங்க, சூடு அடங்கட்டும்" என்றார். அரை மணி கழித்து எஞ்சினை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, டைமிங்கைச் சிறிது திருத்தினார். காசு வாங்க மறுத்துவிட்டார். "என் பிள்ளைகளுக்கு இந்த வேலை தெரியாது. வண்டி ஓடினால்தானே வேலையும் நிலைக்கும்?" என்றார். லாரியில் ஏற்றியிருந்தால் இந்தச் சொல் எனக்குக் கிடைத்திருக்காது. இரவு அல்சூர் வந்து சேர்ந்தபோது மகன்தான் ரேடியேட்டர் தண்ணீரைச் சரிபார்த்தான்.

இப்போது என் முன் இரண்டு வழிகள். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசு 2021இல் தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. பழைய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு, பெட்ரோல் இவற்றுக்காக மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. மற்றொன்று, எல்லாக் கார்களையும் போல இங்கு வரி கட்டிக் கர்நாடக எண் பெறுவது. ஊர் எண் போய்விடும், வண்டி ஓடும்.

நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன். பழைய எண்ணை இழப்பதில் வருத்தம்தான். ஆனாலும் துணி போர்த்தி, ஆண்டுக்கொரு முறை வெளியே எடுத்துப் படம் பிடிக்கும் வண்டியை என் மகன் ஒருநாளும் கற்றுக்கொள்ள மாட்டான். அவன் கற்காவிட்டால், எனக்குப் பின் அது பழைய இரும்பு.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது காரைப் பற்றிய செய்தி மட்டுமா? பொங்கல் விழா மேடையில் மட்டும் பிள்ளைகளைத் தமிழ் பேச வைத்துக் கைதட்டுகிறோம். வீட்டுச் சமையலறையில், கடைத்தெருவில் பேச வைக்கிறோமா? எண்பலகை எந்த மாநிலத்ததாகவும் இருக்கட்டும். எஞ்சின் தினமும் ஓட வேண்டும்.