மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? நிறத்தையும் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசசர், ராம், டிஸ்க் பற்றியெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். மானிட்டர் என்று வந்தால் மட்டும் எத்தனை இன்ச், என்ன விலை என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக் கொள்கிறார்கள். மூன்றாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும் என்பேன். அந்தத் திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும்? இதைத்தான் கலர் கேமட், அதாவது நிற எல்லை என்கிறார்கள்.

எங்கள் தளவாய்புரம் பகுதியில் நைட்டி தைப்பது முக்கியமான தொழில். துணியை போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் சரி செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் பிடிப்பவர்களுக்கு நிறம்தான் எல்லாம். மெரூன் என்று நினைத்து ஆர்டர் கொடுத்தவருக்கு வேறு சிவப்பு போய்ச் சேர்ந்தால் சரக்கு திரும்பி வரும்.

இதற்கென ஒரு பொது அளவு இருக்கிறது. 1996ல் ஹெச்பி, மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்பது அதன் பெயர். 1999ல் இது சர்வதேசத் தரமானது. இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் அமைந்தவையே.

விலை குறைந்த மானிட்டர், லேப்டாப் திரைகளில் சில இந்த எல்லையை எட்டுவதில்லை. விவரத் தாளில் "என்டிஎஸ்சி 45 சதவீதம்" என்று இருந்தால் அது இந்த ரகம். என்டிஎஸ்சி என்பது 1953ல் அமெரிக்க டிவிக்காக வகுத்த பழைய அளவு. அதில் 72 சதவீதம் இருந்தால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 சதவீதத் திரையில் துணி வெளுத்துத் தெரியும். உடனே நாம் போட்டோவில் நிறத்தைக் கூட்டி விடுவோம். வாங்குபவரின் போனில் அது கண்ணைப் பறிக்கும்.

அப்படியானால் அதிக நிறம் காட்டும் மானிட்டரே நல்லதா? "டிசிஐ-பி3" என்று விளம்பரம் செய்யப்படும் அகன்ற எல்லை, சினிமாத் துறைக்காக உருவானது. விண்டோஸில் பல புரோகிராம்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. அதனால் சாதாரணப் படமும் மிகையான நிறத்தில் தெரியும். இப்போது நாம் நிறத்தைக் குறைத்து அனுப்புவோம். தவறு மறுபக்கம் நடக்கும், அவ்வளவுதான்! வீட்டு உபயோகத்திற்கு இதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ஏற்கனவே வாங்கியிருந்தால் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கிறதா என்று பாருங்கள். சில மானிட்டர்களில் அந்த மோடில் பிரைட்னஸை மாற்ற முடியாது என்பதையும் கவனியுங்கள்.

"1.67 கோடி நிறங்கள்" என்ற வாசகத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அது நிறங்களை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்ற கணக்கு. வெளுத்த திரையின் பெட்டியிலும் அதே வாசகம் இருக்கும்.

எனவே என் சிபாரிசு இதுதான். எஸ்ஆர்ஜிபி 95 சதவீதத்திற்கு மேல் உள்ள ஐபிஎஸ் மானிட்டரை வாங்குங்கள். ஐபிஎஸ் திரையில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கடைக்குப் போகும்போது ஒரு துண்டுத் துணியையும், பகல் வெளிச்சத்தில் எடுத்த அதன் போட்டோவையும் கொண்டு செல்லுங்கள். பளிச்சென்று காட்டும் விவிட் மோடை மாற்றச் சொல்லிவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். மயில் கழுத்து போன்ற அடர்ந்த நிறங்கள் சில, எஸ்ஆர்ஜிபி எல்லைக்கே வெளியே இருப்பவை. எத்தனை நல்ல மானிட்டர் வாங்கினாலும், வாடிக்கையாளரின் போன் எப்படிக் காட்டும் என்பது நம் கையில் இல்லை. அத்தகைய துணிகளுக்குப் படத்தோடு நிறத்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். பெரிய ஆர்டர் என்றால் சாம்பிள் துணியையே அனுப்பி விடுவது நல்லது.