வார்டு மீட்டருக்கு யார் பொறுப்பு?

காலையில் அனலைசரை இயக்கியதும் நாம் செய்யும் முதல் வேலை கன்ட்ரோல் போடுவது. அது எல்லைக்குள் வராவிட்டால் ஒரு நோயாளியின் முடிவைக்கூட வெளியே விடமாட்டோம். அதே மருத்துவமனையின் வார்டில், டிரேயில் பஞ்சோடும் ஊசியோடும் கிடக்கும் குளுக்கோமீட்டருக்குக் கடைசியாக எப்போது கன்ட்ரோல் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. ஆனால் இன்சுலின் எத்தனை யூனிட் என்பது அந்த மீட்டர் காட்டும் எண்ணை வைத்தே முடிவாகிறது.

1962இல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்த நொதி மின்முனைதான் அந்த மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் மூதாதை. நொதி குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது; அந்த மின்னோட்டத்தை மீட்டர் எண்ணாக்குகிறது. சிக்கல் என்னவென்றால், நாம் ஆய்வகத்தில் பிளாஸ்மாவைச் சோதிக்கிறோம், ஸ்ட்ரிப்போ முழு இரத்தத்தைச் சோதிக்கிறது. சிவப்பணுக்கள் குறைந்திருந்தால் எண் கூடுதலாக வரும். மிகுந்திருந்தால் குறைவாக வரும். கடும் இரத்தச்சோகை உள்ளவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும்போது மீட்டர் ‘பரவாயில்லை’ என்று சொல்லக்கூடும். சிவப்பணுக்கள் மிகுந்த பச்சிளங்குழந்தைக்கு இதற்கு நேர்மாறு. ஹீமட்டோகிரிட்டைத் தானே திருத்திக்கொள்ளும் மீட்டர்கள் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அது ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் குப்பைக்குப் போவதும் அந்தத் தாள்தான். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்ன நாட்டில், இது பொடி எழுத்துச் சமாச்சாரம் அல்ல.

ஸ்ட்ரிப்பின் நொதியும் ஏமாறலாம். ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த டயாலிசிஸ் திரவம் பெற்றவர்களின் உடலில் சேரும் மால்டோஸை, ஜிடிஎச்-பிக்யூக்யூ நொதி வகை ஸ்ட்ரிப் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போட்டு உயிர்கள் போயின. 2009இல் அமெரிக்காவின் எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தபோது, அத்தகைய 13 மரணங்கள் அதன் பதிவில் இருந்தன.

ஐஎஸ்ஓ 15197 (2013) விதிப்படி, 100 மி.கி.க்கு மேல் 15 விழுக்காடு வரை விலகல் ஏற்கத்தக்கது. உண்மையில் 200 இருந்தால் 170 காட்டலாம், 230உம் காட்டலாம். வீட்டில் தானே பார்த்துக்கொள்பவருக்காக வகுத்த அளவுகோல் இது. அதே மீட்டரை ஐசியுவில், இரத்த அழுத்தம் விழுந்து விரல் சில்லிட்ட நோயாளிக்கு வைப்பது சரியல்ல என்பதே நம் கருத்து.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இந்தக் கருவியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் பல ஸ்ட்ரிப் குப்பிகளில் 30 டிகிரி வரை என்றே அச்சிட்டிருக்கிறது; நம் சித்திரை வெயில் அதைப் படிப்பதில்லை.

‘அது நர்ஸிங் பிரிவின் வேலை’ என்று ஆய்வகம் ஒதுங்கியது போதும். கன்ட்ரோல் திரவத்தோடு மாடி ஏறுங்கள். எந்த வார்டில் எந்த வகை ஸ்ட்ரிப், அதன் ஹீமட்டோகிரிட் எல்லை என்ன, குப்பியைத் திறந்த தேதி எது என்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே நிற்கும் மீட்டரை அன்றைக்கே எடுத்து வந்துவிடுங்கள்.