சட்டையில் யார் பெயர்?

நம் கைப்பந்து அணிக்குத் திருப்பூரில் புதிய சட்டைகள் ஆர்டர் கொடுக்கும் போதெல்லாம், முதுகில் அவரவர் பெயரைப் பொறிக்க வேண்டுமெனத் தோழியர் விரும்புகின்றனர். ஆசை இயல்பானதே. ஆனால் பாலியஸ்டர் துணியில் எழுத்து, வெப்பத்தால் நூலுக்குள்ளேயே சாயமாக ஏறிவிடுகிறது; பின்பு அதை அகற்ற இயலாது. பெயருள்ள சட்டை ஒருத்தியோடு போய்விடும். எண் மட்டும் உள்ளதையோ அடுத்த ஆண்டு இளைய மாணவி அணியலாம்.

ஆட்டத்தில் நடுவர் நம்மை அறிவது எண்ணால்தான். மார்பிலும் முதுகிலும் எண் இருக்க வேண்டுமென்பதே விதி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்டு பார்க்கும் பெற்றோருக்கு ஆண்டுதோறும் புதுச் சட்டை சுமையல்லவா? பணமில்லாததால் ஒருத்தி அணியைவிட்டு விலகலாமா?

ஆகவே பள்ளியின் பெயரும் எண்ணும் போதும். சட்டை பள்ளிக்கே சொந்தமாகட்டும். திறமையுள்ள எவளும் அதை அணியட்டும்!