குற்றாலம் கெட்-டுகெதருக்கு நான் வரவில்லை

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிக்கவும்.

1994-ஆம் வருட எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடி மாதம் குற்றாலத்தில் ஒன்றுகூடப் போவதாக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் புக் செய்திருக்கிற ரிசார்ட்டின் போட்டோவைப் பார்த்ததும் மனசு கசந்து போச்சு. விடுதிக்குள்ளேயே தனி அருவியாம்! அருவி எப்படியப்பா ஒரு விடுதிக்குச் சொந்தமாகும்? இயற்கை நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் செயற்கை அருவி அமைத்தது பற்றிய வழக்கில், நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நீங்கள் பிடித்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? சாப்பாட்டு மெனுவை மட்டும் மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள்.

ஜெர்மனியில் வேலை பார்க்கிற நம் பையன் ஒருத்தன் போன மாதம் பாட் எம்ஸ் என்ற ஊருக்குப் போய்விட்டுப் பேசினான். லான் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர், நம் ராஜபாளையத்தில் ஒரு மூலைக்குக் காணாது. ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் குளிக்கவும் காலங்காலமாக ஜனங்கள் வருகிறார்கள். அந்த ஊற்று உப்பில் செய்த மிட்டாயைத் தொண்டைக்கட்டுக்கு மருந்துக்கடையிலேயே விற்கிறார்களாம். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த ஐரோப்பாவின் 11 குளியல் ஊர்களில் அதுவும் ஒன்று. 'பாட்' என்றால் குளியல். அங்கே ஓர் ஊர் அந்தப் பட்டத்தை வாங்க வேண்டுமானால் அரசாங்கம் தண்ணீரைச் சோதித்து அங்கீகரிக்க வேண்டும். ஊற்றைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை போட்டு, அதற்குள் என்ன தோண்டலாம், எதைக் கொட்டக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். தங்குகிறவர்களிடம் ராத்திரிக்கு இவ்வளவு என்று வரி வாங்கி ஊரைப் பராமரிக்கிறார்கள்.

நாமும் குற்றாலத்தைத் 'தென்னகத்தின் ஸ்பா' என்கிறோம். வெள்ளைக்காரன் காலத்திலேயே உடம்பு தேறுவதற்காக வந்து தங்கிய ஊர்தான். ஆனால் 2014-இல் நீதிமன்றம் வந்து, அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய், சீயக்காய் கூடாது என்று தடை போட வேண்டியிருந்ததே! இது கோர்ட் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா? அந்த நுரையெல்லாம் சிற்றாற்றில் இறங்கி, தென்காசி வயல்களைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. கீழே இருக்கிறவனும் மனுஷன்தானே.

நானும் யோக்கியம் இல்லை. 1987-இல் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு நோட்டீஸ் எழுதியவள் நான்தான். துண்டு, எண்ணெய் பாட்டில், சீயக்காய்ப் பொட்டலம், சோப்பு என்று வரிசையாக என் கையெழுத்தில் இருந்தது. அறுபது பிள்ளைகள், அறுபது சோப்பு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"டீச்சர், கூட்டத்தில் பொம்பளைப் பிள்ளைகள் நிம்மதியாகக் குளிக்க முடியலையே" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நியாயம்தான். பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் இருந்தாலும் சீசனில் நெரிசல் தாங்காது, துணி மாற்றுவதும் பெரும்பாடு. அதற்குக் கூடுதல் வசதி கேட்டு நாம் மனு எழுதலாம், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். காசுள்ளவர்கள் ஓடையை வேலிக்குள் வாங்கிக்கொள்வது அதற்குப் பரிகாரமா?

குற்றாலம் தென்காசி மாவட்டம், நமக்கென்ன என்று சொந்தக்காரர்கள் சிலர் நினைக்கலாம். அய்யனார் கோவில் ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் தேக்கத்துக்கு வந்து ராஜபாளையத்துக் குழாயில் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆற்றில் ஷாம்பு போட்டுக் குளிப்பது யார்? ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் பிளாஸ்டிக் தட்டைப் போட்டுவிட்டு வருவது யார்? என் தம்பி மகனும்தான். பதிவைப் பார்ப்பான், பார்க்கட்டும்.

பிள்ளைகளே, அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் என் பங்கு போகட்டும். அதே தேதியில் தென்காசி பஸ்ஸில் போவோம். விடிகாலையில் பேரருவியில் சோப்பில்லாமல் ஒரு குளியல், பிறகு சித்திர சபை. புளியோதரை நான் கட்டிக்கொண்டு வருகிறேன், பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பொறுப்பு. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள்.