சேதி ஆண்களிடம் போய்ச் சேரட்டும்

மதிப்பிற்குரிய பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்களுக்கு,



சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் எந்த ஊரில் நடந்தாலும் வந்திருக்கும் கூட்டத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆண்களும் இருப்பார்கள், ஆனால் அவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள், மகளோ மருமகளோ கூட்டிவந்தவர்கள். முப்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண், வீட்டுச் செலவைத் தோளில் சுமப்பவர், அங்கே இருக்கமாட்டார். அவரைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது. இவர்களில் எத்தனையோ பேருக்கு அது தெரியவே தெரியாது. சர்க்கரைக்கு வலி கிடையாது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, சிறுநீரகத்தையும் விழித்திரையையும் கால் நரம்புகளையும் கெடுத்த பிறகுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலேயே இந்தப் பரிசோதனை நடந்துவிடுகிறது. மருத்துவர் வி. சேஷய்யா போன்றோர் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்ப்பதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியாக இருந்தது. அதன் பிறகும் குழந்தைக்குத் தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியை அவர்கள் மிதித்தபடியே இருக்கிறார்கள். ஆணுக்கு அப்படி ஒரு வழியே இல்லை. பள்ளியில் போட்ட ஊசிக்குப் பிறகு, விபத்தோ நெஞ்சுவலியோ வந்தால்தான் அவர் மருத்துவமனைக்குப் போகிறார்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து பரிசோதிக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024-இல் ஐ.நா. விருது பெற்றது. தகுதியான பெருமைதான். ஆனால் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் பகலில் கதவைத் தட்டும்போது வீட்டு ஆண் கட்டடத்தில் சாரத்தின் மேல் நிற்கிறார், தறியில் இருக்கிறார், லாரியில் போய்க்கொண்டிருக்கிறார். அவர் திரும்பி வரும் நேரத்தில் அந்த அம்மா தம் வீட்டில் உலை வைத்திருப்பார். அப்படியே நேரில் அகப்பட்டாலும், பக்கத்துத் தெருப் பெண் வந்து “விரலைக் காட்டுங்கண்ணே” என்றால் பல ஆண்கள் சிரித்து மழுப்பி நழுவிவிடுகிறார்கள். 2024-இல் வந்த, வேலையிடத்துக்கே போகும் தொழிலாளர்களைத் தேடி மருத்துவம் சரியான அடுத்த அடி. என்றாலும் வருகைப் பதிவேடு உள்ள தொழிற்சாலைக்குள் போவது எளிது. முதலாளி என்று ஒருவர் இல்லாத ஆட்டோக்காரரையும் சுமை தூக்குபவரையும் தள்ளுவண்டிக் கடைக்காரரையும் எங்கே போய்ப் பிடிப்பது?

ஆண்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லி முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. டீக்கடையில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “நாள் பூரா உழைக்கிற உடம்பு, நமக்கெல்லாம் வராது” என்பார் ஒருவர். “பார்த்தா இருக்குன்னு சொல்லிடுவாங்க, அப்புறம் நிம்மதி போயிடும்” என்பார் இன்னொருவர். “மாத்திரையைத் தொட்டா சாகுற வரைக்கும் விட முடியாது.” “அரை நாள் கூலி போயிடும், அதை யாரு தருவா?” இவை சாக்குகள் இல்லை, அச்சமும் கணக்கும். நம் சுவரொட்டிகள் இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. பாகற்காய்ப் படமும் நடைப்பயிற்சி செய்பவரின் படமும் போட்டு, ‘பரிசோதனை செய்துகொள்ளுங்கள்’ என்று கட்டளை இடுகின்றன.

பதில் சொல்வது கடினமே இல்லை. முதல் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 140-க்கு மேல் காட்டினால் அதனாலேயே நோயாளி என்று எழுதிவிட மாட்டார்கள். மறுபடி வரச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்று உறுதியானால் அது சர்க்கரை நோய். இதை இப்படியே, இந்த எண்களோடு, ஆட்டோ நிறுத்தத்துப் பலகையில் எழுதலாம். உழைக்கிற உடம்பு என்பவருக்கும் நேரான பதில் உண்டு. பத்து மணி நேரம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பது களைப்பைத் தரும். ஆனால் உடற்பயிற்சி ஆகாது. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய அபாய மதிப்பெண் முறைக்கு ரத்தமே தேவையில்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கே கேள்விகள். ஆணின் இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தொட்டால் கவனிக்க வேண்டும். ஒரு தையல்கடை டேப்பை வைத்து ஆண்கள் தங்களுக்குள்ளேயே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

நோயின் எல்லையில் இருப்பவருக்கு நல்ல சேதியும் இருக்கிறது. உணவையும் நடையையும் மாற்றினால் நோய் வருவது ஏறத்தாழ 28 சதவீதம் குறையும் என்று மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து 2006-இல் காட்டினார்கள். அதே குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு முழுக்க முழுக்க ஆண்களைப் பற்றியது. நோயின் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் 537 ஆண்களில் பாதிப் பேருக்குக் கைபேசியில் தொடர்ந்து குறுஞ்செய்திகள் போயின. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; பெற்றவர்களில் 18 சதவீதம். ஆண்களுக்குச் சொன்னால் கேட்பார்கள் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

இனி, யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரை நோயுள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விறைப்புக் குறைபாடு வருகிறது. சிலருக்கு நோயின் முதல் அறிகுறியே அதுதான். ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடத் தொடங்கியதை உடல் அங்கேதான் முதலில் சொல்கிறது. அரசுச் சுவரொட்டி எதிலும் நான் இதைக் கண்டதில்லை. ஆனால் எந்தப் பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் போனாலும் சுவர் முழுக்க லாட்ஜ் வைத்தியர்களின் துண்டுத்தாள்கள்: இன்ன தேதி, இன்ன லாட்ஜ், இன்ன அறை எண். நாம் வாய் திறக்காத இடத்தில் அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள். வெட்கத்தோடும் பயத்தோடும் போகிற ஆணிடம் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கறந்துகொண்டு லேகியம் கொடுத்து அனுப்புகிறார்கள். சர்க்கரை பார்த்தாயா என்று கேட்பதில்லை. அந்தச் சுவரில் உங்கள் துறையின் தாளும் ஒட்டப்பட வேண்டும். ‘இந்தத் தொல்லை இருக்கிறதா? முதலில் சர்க்கரை பாருங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். நீங்கள் சொல்வது வெளியே போகாது.’ இந்த நாலு வரி போதும். கண்ணியம் குறைந்துவிடும் என்று அதிகாரிகள் சிலர் தயங்கக்கூடும். எய்ட்ஸ் விழிப்புணர்வின்போது ஆணுறையைப் பற்றி இதே தமிழ்நாடு தெருத்தெருவாகப் பேசியது. யார் கண்ணியமும் குறைந்துவிடவில்லை.

சொல்லும் இடங்களும் நம்மிடம் நிறைய. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்கள் தினத்தந்தியைப் புரட்டிக்கொண்டு முறைக்காகக் காத்திருக்கும் சலூன் ஒன்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முடிதிருத்தும் கடைகளுக்கு மருந்தாளுநர்களை அனுப்பியபோது, வாடிக்கையாளரான கறுப்பின ஆண்களின் ரத்த அழுத்தம் பெருமளவு குறைந்ததை 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் ஊர் சலூனில் சர்க்கரைக்கும் இதைச் செய்து பார்க்கலாம். நாற்பதைத் தாண்டியவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்கப் போகிறார். அங்கேயே ஒரு சொட்டு ரத்தம் பார்க்கலாமே. நவம்பர் 14 உலக நீரிழிவு நாள். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் கார்த்திகை பிறக்கிறது. லட்சக்கணக்கான ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டு, குடியையும் புகையையும் தாமாகவே விட்டு, ஒரு மண்டலம் உடம்பைக் கட்டுப்படுத்துகிறார்கள். குருசாமி சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்கும் காலம் அது. இருமுடி கட்டும் இடத்தில் ஒரு செவிலியர் இருந்தால் எத்தனை பேரைப் பார்த்துவிடலாம்! அதுபோலவே கேட்டால் ஜமாத்துகளும் தேவாலயங்களும் கதவைத் திறக்கும்.

பேசுபவரும் ஆணாக இருக்கட்டும். மருத்துவரைவிட, பத்து வருடமாக மாத்திரை போட்டுக்கொண்டு இன்றைக்கும் மூட்டை தூக்குகிற ஒருவர் வந்து “எனக்கும் இருக்குப்பா, நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னால் அந்தப் பயம் விலகும். அத்தகையவர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சி தந்து, படிக்காசும் கொடுங்கள். மகளிர் தன்னார்வலர்களுக்குத் துணையாக நிற்பார்கள்.

ஆனால் ஒன்று. பகல் வேளையில் மட்டும் பரிசோதனை நடந்தால் இவ்வளவு பேச்சும் வீண். வா என்று அழைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வைப்பது அவர் இழக்கும் கூலியை மதிக்காத செயல். வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டரை வரை, அல்லது ஞாயிறு காலை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மேசை, ஒரு செவிலியர், ஒரு குளுக்கோமீட்டர் போதும்.

வரும் நவம்பரில் ஒரே ஒரு மாவட்டத்திலாவது இதைத் தொடங்கிவையுங்கள். முகாம்களுக்கு மொத்தம் இத்தனை பேர் வந்தார்கள் என்று அறிவிப்பதோடு நிறுத்தாமல், அவர்களில் ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண்கள் எத்தனை பேர் என்பதைத் தனியே பிரித்து மாதந்தோறும் வெளியிடுங்கள். அந்த எண் கண்ணில் பட்டால்தான் அதை உயர்த்த வேண்டும் என்ற எண்ணம் உங்கள் துறையில் எல்லோருக்கும் வரும்.


தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்