உதிரப்பட்டி

தஞ்சை நாட்டில் கார்த்திகைத் திங்கள் மழைக்காலம். வாய்க்கால்களில் நீர் கரைதொட்டு ஓடும். சம்பாப் பயிர் கண்ணுக்கெட்டிய தொலைவு பசுமை விரித்து நிற்கும். இப்பருவத்தில்தான், டிசம்பர் 7ஆம் நாள், கொடிநாள் வருகிறது. 1949ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் கடைப்பிடிக்கப்பெறும் நாள் அது. மாணவர் உண்டியல் ஏந்தி வீடுதோறும் செல்வர். காசு இட்டவர் சட்டையில் சிறு கொடி ஒன்றைக் குத்துவர். திரண்ட பொருள், போரில் உயிர் நீத்தோர் குடும்பத்திற்கும் உறுப்பிழந்த வீரர்க்கும் ஓய்வுபெற்ற படைவீரர்க்கும் பயன்படும்.

வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் முதிய படைவீரர் ஒருவர் வாழ்கிறார். 1971ஆம் ஆண்டுப் போரில் களம் கண்டவர். உண்டியலுடன் வந்த சிறுவனை நோக்கி, "தம்பி, இறந்துபட்ட வீரர்க்காகக் காசு கேட்கிறாய், நல்லது. அவர்களுள் ஒருவர் பெயராவது உனக்குத் தெரியுமா?" என்று வினவினார். சிறுவன் தலை கவிழ்ந்தான். முதியவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. காசை இட்டுக் கொடியைப் பெற்றுக்கொண்டார். ஆயினும் அவ்வினா எளிதில் புறக்கணிக்கத் தக்கதன்று.

பெயர் மறவாமை தமிழரின் பழைய அறம். வீரனுக்குக் கல் நடும் முறையைக் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரன் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அவன் வளர்த்த நாயின் உருவமும் அருகே செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழிந்தும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது!

மனிதர் பலர் பெயர் தெரியவில்லை. நாகப்பட்டினத் துறைமுகத்தில் கப்பலேறி, காவிரிப் படுகையின் ஏழை மக்கள் மலேயாத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற காலம் ஒன்று உண்டு. பின்னர் நேதாஜியின் அழைப்பைக் கேட்டு, மலேயாத் தமிழர் பலர் பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1944ஆம் ஆண்டு இம்பால் போரிலும், அதன்பின் பர்மாக் காடுகளில் பசியாலும் நோயாலும் அப்படையினர் பல்லாயிரவர் துன்புற்றனர், மாண்டவர் பலர். அவர்களுக்காக நேதாஜி 1945ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் சிங்கப்பூர்க் கடற்கரையில் நினைவுச் சின்னம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள்படும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலப் படை அதனைத் தகர்த்தெறிந்தது. 1995ஆம் ஆண்டில்தான் அவ்விடத்தில் மீண்டும் ஓர் அடையாளம் எழுந்தது. அதே சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்தில், ஆங்கிலேயர் பக்கம் நின்று மடிந்தோர் பெயர்கள் 24,000க்கும் மேலாகச் சுவர்களில் வரிசையாக உள்ளன. இந்தியர் பெயர்களும் அவற்றுள் பல. அது முறையே. மாண்டவன் எக்கொடியின் கீழ் நின்றானெனினும் ஒரு தாய்க்கு மகனே அல்லனோ? மற்றவர்க்கு அச்சுவர் கிட்டவில்லை என்பதே குறை.

விடுதலைக்குப் பின் உயிர் ஈந்தோர்க்குப் புதுதில்லியில் தேசியப் போர் நினைவகம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்டது. வட்டமாய் அமைந்த கருங்கற் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பெருமைக்குரிய பணி அது. ஆனால் திருவாரூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி தன் மகன் பெயரை விரலால் தொட்டுப் பார்க்கத் தில்லி வரை செல்வது எளிதோ? "தலைநகரில் ஒரு கல் இருக்கட்டும், அவன் பிறந்த ஊர்ப் பள்ளியிலும் ஒரு கல் இருக்கவேண்டும்" என்பது முதியவர் கருத்து.

கல்லோடு கடமை தீர்ந்தது என்றும் அவர் எண்ணுவதில்லை. பழந்தமிழ் அரசர்க்கும் இது தெரிந்திருந்தது. போரில் பட்டவன் குடும்பத்திற்கு அவர்கள் நிலம் அளித்தனர். அந்நிலத்திற்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்பட்டி என்றும் வழங்கினர். நெய்த்தோர் என்பது குருதி. சிந்திய குருதிக்கு விளையும் மண்ணை ஈடாகத் தந்தனர் போலும்! உண்மையில் உயிருக்கு ஈடு ஏது? எனினும் நெல் விளையும் நாட்டில் இதனினும் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறொன்றைக் கருதுதல் அரிது. கல்லை ஆண்டுக்கு ஒருமுறை மாலையிட்டு வணங்கலாம். நிலமோ அறுவடைதோறும் அவ்வீட்டு அடுப்பில் உலை ஏற்றும்.

இன்று அரசு ஓய்வூதியம் அளிக்கிறது. பிள்ளைகளின் கல்விக்கும் துணை செய்கிறது. ஆயினும் விண்ணப்பம் எழுதத் தெரியாத பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பதும், முறைத் தண்ணீர் வரும் இரவில் அவள் வயலுக்கு மடை திறந்து விடுவதும் ஊராரின் கடமைகள். மரியாதை வேட்டு முழங்கிய அன்று கூடிய கூட்டத்தில், நாற்று நடும் நாளில் எத்தனை பேர் வருகின்றனர் என்று முதியவர் கேட்கிறார்.

அவர் வெறுங் கேள்வியோடு நின்றவர் அல்லர். போர் முடிந்த மறு ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தபோது, களத்தில் தம் அருகே வீழ்ந்த தோழனின் ஊருக்குச் சென்றார். தோழனின் தந்தை, நடவுக்கு ஆள் இன்றி வரப்பில் அமர்ந்திருந்தார். படைவீரர் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினார். அதைக் கண்ட அண்டை வயற்காரர் இருவர் தம் நாற்றுக் கட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வந்தனர். பொழுது சாய்வதற்குள் அவ்வயல் முழுதும் நட்டு முடிந்தது.